வெளிநாட்டுப் படிப்பு: போனை எடுத்தால் ஏக்கம், வைத்தால் தனிமை. என்ன செய்வது?

கடிதத்தின் சுருக்கம்

கடிதம் எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 23. முதுகலைப் படிப்புக்காக வெளிநாடு சென்று நான்கு மாதங்கள் ஆகின்றன. வீட்டுக்கும் அவர் இருக்கும் இடத்துக்கும் ஏறக்குறைய பத்து மணி நேர வித்தியாசம். அவருக்கு இரவு பதினொன்று என்றால் வீட்டில் காலை ஒன்பது. அம்மா ஓய்வாக இருப்பது அந்த நேரத்தில்தான் என்பதால் தினமும் அப்போது வீடியோ கால். பேசி முடிக்கும்போது நள்ளிரவு தாண்டி ஒரு மணி. அதன்பின் தூக்கம் பிடிக்காமல் ரீல்ஸ் பார்த்தே மூன்று மணி ஆகிவிடுகிறது. காலை ஒன்பது மணி வகுப்புகள் தவற ஆரம்பித்திருக்கின்றன.

கல்லூரியில் கூடப் படித்த தோழி வேறொரு நாட்டில் படிக்கிறார். அவர் போடும் படங்களில் எப்போதும் ஒரு நண்பர் கூட்டம். "அவளுக்கு நான்கு மாதத்தில் அமைந்தது எனக்கு ஏன் அமையவில்லை?" என்று கேட்கிறார். ஆனால் இவரும் சிரித்த முகத்துடன் படம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அப்பா அவற்றை உறவினர்களிடம் காட்டிப் பெருமைப்படுகிறார். அதனாலேயே உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "முதல் மூன்று மாதம் தேனிலவு, அடுத்த மூன்று மாதம் அதிர்ச்சி, பிறகு எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரு வீடியோவில் பார்த்தாராம். தனக்கு அந்தத் தேனிலவே வரவில்லை, தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைக்கிறார்.

சொந்த நாட்டு மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் 200 பேருக்கு மேல் இருக்கிறார்கள். வீடு, விசா, பகுதிநேர வேலை என எல்லாச் சந்தேகத்தையும் அங்கேதான் கேட்கிறார். "இந்தக் குரூப்பில் இருக்கும் வரை நீ இங்கே ஒட்டவே மாட்டாய்" என்று வகுப்புத் தோழர் ஒருவர் சொன்னது உறுத்துகிறது. அதே குரூப்பில் அறிமுகமான 'சீனியர்' ஒருவர், தன் கணக்கில் ஏதோ சிக்கல் என்றும், இவருடைய வங்கிக் கணக்கில் பணம் போடுவதாகவும், ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியைத் தான் சொல்லும் கணக்குக்கு அனுப்பும்படியும் கேட்டிருக்கிறார்.

எல்லாக் கணக்குகளையும் அழித்துவிடலாமா, ஆலோசகரைப் பார்த்தால் அது விசாவில் பதிவாகுமா, படிப்பை விட்டுத் திரும்பிவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் அந்தப் பணம்

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் சொல்லியிருக்கும் விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். மற்றவை ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. அந்த சீனியர் கேட்பதற்கு உதவி என்று பெயர் வைக்க முடியாது. மோசடியில் பறித்த பணம் எங்கிருந்து எங்கே போனது என்ற தடத்தைக் குழப்ப, அதை மாணவர்களின் கணக்குகள் வழியாக நகர்த்தும் வேலை இது. வெளிநாட்டு மாணவர்களைத் தேடி வருவதற்குக் காரணம் இருக்கிறது: கணக்கு புதிது, கைச்செலவுக்குப் பணம் தேவை, அந்த நாட்டுச் சட்டம் தெரியாது, நம் மொழியில் ஒருவர் பேசினால் உடனே நம்பிக்கை வந்துவிடும். படிப்பு முடிந்து கிளம்புகிறவர்களிடம் கணக்கையே விலைக்குக் கேட்பதும் நடக்கிறது.

போலீஸ் தேடி வரும்போது அவர்களுக்குக் கிடைக்கும் பெயர் உங்களுடையதாக இருக்கும். பல நாடுகளில் இது பணமோசடிச் சட்டத்தின் கீழ் குற்றம். ஒரு பங்கை எடுத்துக்கொண்ட பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்புவது கடினம். கணக்கு முடங்கும், வேறு வங்கியில் கணக்கு திறப்பதும் சிரமமாகும், வழக்கு வந்தால் விசாவும் சிக்கலாகும்.

"தேர்வு முடிந்ததும் சொல்கிறேன்" என்று அவருக்குப் பதில் போட்டிருக்கிறீர்கள். அடுத்த பதில் வேண்டாம். காரணம் சொல்லி மறுக்கத் தொடங்கினால், ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு சமாதானம் தயாராக இருக்கும். உரையாடல் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அவரை பிளாக் செய்யுங்கள். குரூப் அட்மினுக்குத் தனியாகத் தெரிவியுங்கள். உண்மையான மாணவர் ஒருவரின் கணக்கை வேறு யாராவது கைப்பற்றி அதிலிருந்து எழுதியிருக்கவும் வாய்ப்புண்டு.

ஒருவேளை கணக்கு எண்ணைக் கொடுத்து, பணமும் வந்துவிட்டிருந்தால், அதை வேறு எங்கும் அனுப்பாதீர்கள். செலவும் செய்யாதீர்கள். "தவறி வந்துவிட்டது" என்று நீங்களாகத் திருப்பியும் அனுப்பாதீர்கள். இதில்தான் நல்லவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் திருப்பி அனுப்பச் சொல்லும் கணக்கு பெரும்பாலும் பணம் வந்த கணக்காக இருக்காது. வங்கி அட்டையின் பின்னால் உள்ள எண்ணை அழைத்து மோசடிப் பிரிவிடம் சொல்லி, புகாரின் குறிப்பு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அன்றே பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் போடுங்கள். நீங்களாக முன்வந்து சொன்னதற்குத் தேதியோடு ஒரு சாட்சி இருப்பது பின்னால் மிகவும் உதவும்.

தேனிலவு வராதது உங்கள் குறை இல்லை

இப்போது அந்த வீடியோவுக்கு வருகிறேன். அதில் சொன்னதற்கு ஒரு வரலாறு உண்டு. நார்வேயிலிருந்து ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பியவர்களிடம் ஸ்வெர்ரே லீஸ்கோர் என்ற சமூகவியலாளர் நடத்திய ஆய்வு 1955-ல் வெளியானது. ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதங்களுக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகப் பொருந்திப்போனதாகச் சொன்னார்கள், இடைப்பட்ட காலம் தங்கியவர்கள் சிரமப்பட்டதாகச் சொன்னார்கள். முதலில் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, மறுபடி உயரும் வளைவு என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. கவனியுங்கள், ஒரே ஆளை மாதாமாதம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு இல்லை அது.

அப்படிப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வும் இருக்கிறது. நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களை உளவியலாளர் காலின் வார்டும் அவருடைய சகாக்களும் வந்து இறங்கிய முதல் நாளிலும், பிறகு நான்காம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும் கேட்டுப் பார்த்தார்கள். 1998-ல் வெளியான முடிவு அந்த வளைவுக்கு நேர்மாறாக இருந்தது. அவர்களுக்குச் சிரமம் அதிகமாக இருந்தது வந்த புதிதில்தான், தேனிலவு என்று ஒன்று தென்படவில்லை. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பு இல்லை. வந்த முதல் மாதத்தில் எல்லாமே புதிது, உதவிக்கு ஆள் குறைவு. நான்கு மாதமாகச் சிரமப்படுவதை வைத்து, உங்களால் இங்கே வாழவே முடியாது என்ற முடிவுக்கு வர எந்த ஆதாரமும் இல்லை. "ஆறாவது மாதம் தானாகச் சரியாகும்" என்று காத்திருப்பதற்கும் ஆதாரம் இல்லை. தேதி பார்த்து எதுவும் மாறுவதில்லை. பழக்கங்களும் ஆட்களும் சேரச் சேரத்தான் மாறும்.

தோழியின் படங்களும் உங்கள் படங்களும்

நடிகையின் பளபளப்பான படம் உங்களைத் தொந்தரவு செய்யவில்லை, தோழியின் படம் செய்கிறது. உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே இதை விளக்கியிருக்கிறார்: நம்மை அளந்து பார்க்க வேறு அளவுகோல் இல்லாதபோது, நம்மைப் போன்றவர்களோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அதே கல்லூரி, அதே வயது, அதே நேரத்தில் வெளிநாடு. உங்களுக்கு அவரைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைக்காது. அதனால்தான் வலிக்கிறது, இதில் பொறாமை என்று வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆனால் அவருடைய படத்திலிருந்து நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள முடியும் என்று உங்கள் படங்களை வைத்தே சோதிக்கலாம். கடைசியாக நீங்கள் போட்ட மூன்று படங்களை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள், அன்றிரவு எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று நினைவுபடுத்துங்கள். உங்கள் படம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுதான் அவருடையதும் சொல்லும். அவரிடமே தனியாக எழுதிக் கேட்கலாம்: "எனக்கு இங்கே இன்னும் ஒட்டவில்லை. உனக்கு எப்படி?" இப்படி ஒரு வரி போனதும், எதிர்ப்பக்கத்திலிருந்தும் நீண்ட பதில் வருவதை ஆலோசனை அறையில் அடிக்கடி கேள்விப்படுகிறோம். பதில் வரும் வரை அவருடைய ஸ்டோரியை மியூட் செய்துவிடுங்கள். அது அவருக்குத் தெரியாது, நட்பும் கெடாது.

அழிப்பதற்கு முன்னால் ஒரு வாரம்

எல்லாக் கணக்குகளையும் ஒரே இரவில் அழிப்பதை நான் ஆதரிக்கவில்லை. வீட்டோடும் பழைய நண்பர்களோடும் உங்களை இணைக்கும் ஒரே வழி இப்போதைக்கு அதுதான். அதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் வைக்க உங்களிடம் இன்னும் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் மறுபடி இறக்கிவிட்டு, "இதுகூட என்னால் முடியவில்லை" என்று இன்னொரு பாரத்தைச் சுமப்பீர்கள்.

நேரத்தைக் குறைப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெலிஸா ஹன்ட் குழுவினர் 143 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளுக்குப் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் கட்டுப்படுத்தியவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. இன்னொன்றும் தெரியவந்தது. கட்டுப்படுத்தாமல், எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்று மட்டும் பதிவு செய்துவந்தவர்களிடமும் பதற்றம் குறைந்திருந்தது. நெதர்லாந்தில் பதின்பருவத்தினரிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வு வேறொரு கோணத்தைக் காட்டியது. சும்மா பார்த்துக்கொண்டிருப்பதால் 10 சதவீதத்தினர் சோர்ந்தார்கள், 46 சதவீதத்தினர் நன்றாக உணர்ந்தார்கள், மீதி 44 சதவீதத்தினருக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆளுக்கு ஆள் இவ்வளவு வேறுபடுவதால், உங்களுக்கு எது கெடுதல் என்பதை உங்களிடமிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏழு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். போனில் வேண்டாம், எழுதத் திறந்த கை அப்படியே ரீல்ஸுக்குப் போய்விடும். எடுத்த நேரம், எதற்காக எடுத்தீர்கள், எடுக்கும் முன்பும் வைத்த பின்பும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். அவ்வளவுதான். வாரக் கடைசியில், எடுத்ததைவிட வைக்கும்போது மதிப்பெண் இரண்டுக்கு மேல் சரிகிற இடங்களை வட்டமிடுங்கள். அநேகமாக ஒரே செயலி, ஒரே நேரம், இரண்டு மூன்று கணக்குகள் என்று சுருங்கிவிடும். அவற்றை மட்டும் மியூட் செய்யுங்கள், அந்தச் செயலிக்கு நேர வரம்பு வையுங்கள். தம்பியோடு பேசியபின் மதிப்பெண் ஏறியிருந்தால் அதில் கைவைக்காதீர்கள்.

அதன் பிறகும் ஒரு கணக்கை அழித்தே தீருவேன் என்றால், முதலில் தற்காலிகமாக முடக்கிப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் நீக்கச் சொன்னால் 30 நாள் அவகாசம் இருக்கும், அதற்குள் மனம் மாறினால் மீட்கலாம். அழிப்பதற்கு முன் அந்தக் கணக்கின் பயனர் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில நாடுகள் விசா விண்ணப்பத்தில் சமூக வலைதளக் கணக்குகளைக் கேட்கின்றன. அமெரிக்கா 2019 முதல், கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய கணக்குப் பெயர்களைக் கேட்கிறது. மறந்துபோய் விட்டுவிட்டால் மறைத்ததாகத் தோன்றும்.

போன் பார்க்கும் மூன்று வேலைகள்

உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை படிக்கும்போது எனக்குப் பட்டது இது: மூன்று விதமான ஆட்கள் செய்யவேண்டிய வேலையை உங்கள் போன் ஒன்றே செய்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களின் நட்பு குறித்து உளவியலாளர் ஸ்டீஃபன் போக்னரும் அவருடைய சகாக்களும் 1977-ல் எழுதியது இன்றும் எங்களுக்குப் பயன்படுகிறது. சொந்த நாட்டு நண்பர்களிடம் மாணவர்கள் தங்கள் மொழியையும் பண்பாட்டையும் பகிர்ந்துகொள்கிறார்கள். உள்ளூர்க்காரர்களிடம் பாடத்துக்கும் மொழிக்கும் நடைமுறைக்கும் உதவி பெறுகிறார்கள். பிற நாட்டு மாணவர்களோடு பொழுதைக் கழிக்கிறார்கள். ஒன்றின் இடத்தை இன்னொன்று முழுசாக நிரப்புவதில்லை.

எனவே "குரூப்பை விட்டு வெளியே வா" என்ற அறிவுரை பாதிதான் சரி. நம் மொழியில் மனம்விட்டுப் பேசும் இடத்தை இழந்தால் உள்ளூர் நண்பர்கள் தானாக வந்துவிட மாட்டார்கள். அந்த 200 பேரில் நேரில் சந்திக்கக்கூடிய இரண்டு பேரைக் கண்டுபிடியுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே இடம். குரூப்பை ஆர்கைவில் போட்டு, அறிவிப்புகளை அணைத்து, நாளுக்கு ஒரு முறை நீங்களாகத் திறந்து பாருங்கள்.

அங்கே எதைக் கேட்பது என்பதில் கண்டிப்பாக இருங்கள். பேருந்து அட்டை எங்கே வாங்குவது, குளிர்கால உடை எது நல்லது என்பவற்றுக்குக் குரூப்பைவிட நல்ல இடம் இல்லை. கையெழுத்து, முன்பணம், விசா ஆகிய மூன்றில் எது வந்தாலும் பல்கலைக்கழக அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். மாணவர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்ற வரம்பு நாட்டுக்கு நாடு வேறு, விதிகளும் மாறுகின்றன. இரண்டு ஆண்டுக்கு முன் சீனியருக்குச் சரியாக இருந்த பதில் இன்று உங்கள் விசாவைப் பறிக்கலாம். வீட்டை நேரிலோ நம்பிக்கையான ஒருவர் மூலமோ பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட், விசாப் பக்கங்களைப் படமெடுத்துக் குரூப்பில் போடாதீர்கள்.

உள்ளூர் மாணவர்கள் விஷயத்தில், அவர்கள் எந்தச் செயலியில் பேசுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். நீங்கள் வாட்ஸ்அப்பில் காத்திருக்கும்போது வகுப்பு முழுவதும் டிஸ்கார்டில் பேசிக்கொண்டிருக்கலாம். ஜப்பானில் லைன், கொரியாவில் ககாவ் டாக் என்று நாட்டுக்கு நாடு மாறும். "என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை" என்று மாதக்கணக்கில் வருந்திய மாணவர்களில் சிலருக்கு உண்மையில் நடந்திருப்பது, அப்படி ஒரு குரூப் இருப்பதே தெரியாமல் போனதுதான். பக்கத்தில் உட்காருபவரிடம் "பாடத்துக்கு ஏதாவது குரூப் இருக்கிறதா, என்னைச் சேர்க்க முடியுமா?" என்று கேட்டால் முடிந்தது.

சேர்ந்த பின், பொதுவாக நலம் விசாரிப்பதைவிடக் குறிப்பான கேள்வி நன்றாக வேலை செய்யும்: "இந்த வார அசைன்மென்டில் மூன்றாவது கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டாய்?" எழுத்தில் கேட்பதால் உச்சரிப்புப் பயம் இல்லை. பதில் வந்ததும், "வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் வருகிறேன், காட்ட முடியுமா?" என்று நேருக்கு மாற்றுங்கள். இப்படித்தான் வலைதளத்தை உங்களுக்குச் சாதகமாகத் திருப்ப முடியும். மாணவர் கழகம் ஒன்றில் சேர்வதானால், ஆண்டுக்கு இரண்டு பெரிய விழா நடத்துவதைவிட வாரம்தோறும் கூடும் சிறிய குழுவைத் தேர்ந்தெடுங்கள். அது பெரும்பாலும் பல நாட்டு மாணவர்கள் கலந்ததாக இருக்கும். முதல் இரண்டு வாரம் யாரும் உங்களிடம் பேசாமல் போகலாம். மூன்றாவது, நான்காவது முறை அதே முகத்தைப் பார்க்கும்போதுதான் பெயர் கேட்பார்கள். பலர் இரண்டாவது வாரத்தோடு நின்றுவிடுவதால்தான் அது பலிப்பதில்லை.

இரவு

எல்லாவற்றையும் ஒன்றாக மாற்ற முடியாது, ஒன்றே ஒன்றைத்தான் மாற்றுவேன் என்றால் வீட்டுக்குப் பேசும் நேரத்தை மாற்றுங்கள். வகுப்பு தவறுவதும், பகல் முழுக்க ஆட்களைத் தவிர்ப்பதும், மூன்று மணிக்கு எல்லாம் இருண்டு தெரிவதும் தூக்கமின்மையில் கலந்திருக்கின்றன. தூக்கம் சீராகும் வரை, எது தனிமை எது களைப்பு என்று உங்களாலோ என்னாலோ பிரித்துச் சொல்ல முடியாது.

உங்களுக்குக் காலை ஏழரை என்றால் வீட்டில் மாலை ஐந்தரை. அம்மாவோடு தினமும் அரை மணி நேரம் அப்போது பேசலாம், அப்பாவும் வீட்டில் இருக்க வாய்ப்பு அதிகம். வெளியே நடந்துகொண்டே பேசினால் காலை வெளிச்சமும் கண்ணில் படும். உடலின் கடிகாரத்தை முன்னால் இழுக்க அது நன்றாக உதவும், மேகமூட்டமாக இருந்தாலும் சரி. எழும் நேரத்தை முதலில் நிலையாக்குங்கள், விடுமுறை நாளிலும் அதே நேரம். படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு அரை மணி வீதம் முன்னால் கொண்டுவாருங்கள். மூன்று மணியிலிருந்து ஒரே தாவலில் பதினொன்றுக்கு வர முயன்றால் இருட்டில் விழித்துக்கொண்டு கிடப்பீர்கள், கை போனைத் தேடும். பகலில் தூங்கினால் இருபது நிமிடம், அதுவும் பிற்பகல் மூன்றுக்குள். சார்ஜரைக் கட்டிலிலிருந்து எட்டாத தூரத்தில் வைத்து, எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்தில் வீட்டிலிருந்து பழக்கப்படி இரவில் அழைப்பு வரும். எடுக்காவிட்டால் பதறுவார்கள். அதனால் முன்கூட்டியே காரணத்தைச் சொல்லிவிடுங்கள், "தூங்கப் போகிறேன்" என்று ஒரு குரல் பதிவு போட்டுவிடுங்கள். மணிக்கணக்கில் பேசும் நாள் வாரத்தில் ஒன்று இருக்கட்டும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் நாடு என்றால், வீட்டோடு உள்ள வித்தியாசமும் அப்போது மாறும். அந்த வாரம் நேரத்தைப் புதிதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது

சிரித்த படம் ஒன்றும், உள்ளே வேறொன்றுமாக இரட்டை வாழ்க்கை நடத்துவதே உங்களைப் பாதி களைப்பாக்குகிறது. ஆனால் நான்கு மாதத்தையும் ஒரே அழைப்பில் கொட்டினால், பத்து மணி நேர வித்தியாசத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பயம் மட்டுமே மிஞ்சும். ஒரு அழைப்புக்கு ஓர் உண்மை என்று தொடங்குங்கள். அதோடு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "அம்மா, நான் சரியாகத் தூங்குவதில்லை. அதனால் வகுப்பு தவறிப்போகிறது. இனிமேல் காலையில் பேசுகிறேன்." அடுத்த வாரம்: "இங்கே இன்னும் நெருக்கமான நட்பு அமையவில்லை. ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறேன்."

அப்பாவின் பெருமை உடைந்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள். நீங்கள் போட்ட படங்களைத் தவிர அவருக்கு உங்கள் வாழ்க்கையைப் பற்றி வேறு எதுவும் தெரியாது என்பதையும் நினைத்துப் பாருங்கள். கலைந்து கிடக்கும் மேசை, நூலகத்தில் நீங்கள் வழக்கமாக உட்காரும் மூலை, மழையில் நனைந்த காலணி என்று அவருக்கு மட்டும் அனுப்புங்கள். பொதுவில் போடும் படத்தைவிட இவற்றைப் பற்றிக் கேட்க அவருக்கு நிறைய இருக்கும்.

ஆலோசகரைப் பார்த்தால் விசாவில் பதிவாகுமா?

இந்தப் பயத்தால் உதவி கேட்காமல் இருப்பவர்கள் நிறையப் பேர். பல்கலைக்கழக ஆலோசனை மையத்தின் குறிப்புகள் பொதுவாக உங்கள் மதிப்பெண் பட்டியலோடும் கல்விப் பதிவோடும் சேர்வதில்லை. ஆலோசகர் அவற்றைக் குடியேற்றத் துறைக்கு அனுப்பும் வழக்கமும் இல்லை. பேசுவது ரகசியமாக இருக்கும். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ கடும் ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகள் உண்டு. முதல் சந்திப்பில், பேச ஆரம்பிக்கும் முன்பே கேளுங்கள்: "குறிப்புகளை யார் பார்க்க முடியும்? என் துறைக்குச் சொல்வீர்களா? எந்த நிலையில் ரகசியத்தை மீறுவீர்கள்?" இதற்குத் தெளிவாகப் பதில் சொல்வது அவர்கள் கடமை. பல இடங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைச் சந்திப்புகள் கட்டணத்திலேயே அடங்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கலாம் என்பதால், நிலைமை மோசமாகும் வரை பொறுக்காமல் இப்போதே பெயர் கொடுங்கள்.

விசாவுக்கு உண்மையில் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. தொடர்ந்து வகுப்பைத் தவறவிடுவதும், சொல்லாமல் ஒரு பாடத்தை விட்டுவிடுவதும், குறைந்தபட்சப் பாடச் சுமைக்குக் கீழே போவதும்தான் பல நாடுகளில் மாணவர் விசாவைப் பாதிக்கும். தவறிய வகுப்புகளைப் பற்றி ஆசிரியருக்கு இந்த வாரமே எழுதுங்கள். எந்தப் பாடத்தையும் கைவிடுவதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். உடல்நலக் காரணத்துக்காகச் சுமையைக் குறைக்கவோ விடுப்பு எடுக்கவோ முறையான வழி இருக்கலாம், ஆனால் அனுமதி முன்கூட்டியே வாங்கப்பட வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாள்களில், மனம் கனத்தே இருந்தாலோ, பிடித்த எதிலும் ஈடுபாடு வராவிட்டாலோ, பசியும் எடையும் மாறினாலோ, நான் மேலே எழுதிய வழிகளை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரையும் பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணமோ உங்களைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்தால், அந்த நிமிடமே அங்குள்ள அவசர எண்ணையோ பல்கலைக்கழகத்தின் 24 மணி நேர உதவி எண்ணையோ அழையுங்கள். இரண்டு எண்களையும் இன்றே போனில் பதிந்து வையுங்கள்.

திரும்பிப் போவது

திரும்புவது தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு அதுவே சரியான முடிவாக இருந்திருக்கிறது. ஆனால் மூன்று மணிக்கு, தூங்காத கண்ணோடு எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டாம். பருவத் தேர்வு முடிவு வந்த பிறகு ஒரு தேதியைக் குறித்து, அதுவரை இந்தக் கேள்வியை ஒத்திவையுங்கள். அந்தத் தேதிக்குள் கையில் இருக்க வேண்டியவை: ஒரு பருவம் விடுப்பு எடுத்தால் இடம் பாதுகாப்பாக இருக்குமா என்று துறையிலிருந்து எழுத்துப்பூர்வ பதில், கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள், விடுப்பில் இருக்கும்போது விசா என்னவாகும் என்ற விளக்கம், கல்விக்கடன் இருந்தால் தவணை எப்போது தொடங்கும் என்ற வங்கியின் பதில். இவற்றோடு, குறைந்தது மூன்று வாரம் ஒழுங்காகத் தூங்கிய பின் நீங்கள் நோட்டில் எழுதிய மதிப்பெண்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் துறையே பிடிக்கவில்லை என்று அதில் தெரிந்தால் துறை ஆலோசகரிடம் பேச வேண்டும். பாடம் பிடித்திருக்கிறது, மாலை நேரங்கள்தான் தாங்கவில்லை என்று தெரிந்தால், தங்குமிடத்தை மாற்றுவதோ பிற மாணவர்களோடு சேர்ந்து வசிப்பதோ கண்டத்தைத் தாண்டித் திரும்புவதைவிட எளிது. இரண்டில் எது என்று இப்போது உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. ஆறு வாரம் கழித்து அந்த நோட்டோடு மறுபடி எழுதுங்கள்.